வீட்டிலேயே காயில்ஓவர் கட்டுவது: சென்னை ரோட்டுக்கு அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காயில்ஓவர் போடப் போகிறேன் என்று வருகிறவர்கள் எல்லாரும் முதலில் கேட்பது "எவ்வளவு இறங்கும்?" என்றுதான். நான் திருப்பிக் கேட்பது, இறக்கிய பிறகு ஷாக்கில் எவ்வளவு ஸ்ட்ரோக், அதாவது அதன் ராட் உள்ளே அமுங்க எவ்வளவு தூரம், மிச்சம் இருக்கும் என்று. அதற்கு மில்லிமீட்டரில் பதில் தெரிந்தால் மற்றதெல்லாம் ஒவ்வொன்றாகச் சரியாகிவிடும். தெரியாவிட்டால், எவ்வளவு விலை கொடுத்து வாங்கியிருந்தாலும் வேளச்சேரி உள்தெருவில் நுழைந்ததும் முதுகு சொல்லிவிடும். கீழே எழுதியிருப்பது முன்சக்கர டிரைவ் ஹேட்ச்பேக், சின்ன செடான் வண்டிகளுக்கு.

காயில்ஓவர் என்பது சரியாக என்ன?

ஷாக் அப்சார்பர், அதன் உடம்பைச் சுற்றி ஸ்பிரிங், அந்த ஸ்பிரிங் உட்காரும் கீழ்த்தட்டு மரையில் ஏறி இறங்கும். அவ்வளவுதான். இங்கே ஓடும் சின்ன கார்களில் பெரும்பாலானவற்றுக்கு முன்பக்கம் மெக்ஃபர்சன் ஸ்ட்ரட், அதாவது 1950-ல் அறிமுகமான பிரிட்டிஷ் ஃபோர்ட் கான்சல் காரில் முதலில் வந்த அதே அமைப்பு. அதில் ஸ்பிரிங் ஏற்கெனவே ஷாக்கைச் சுற்றித்தான் இருக்கிறது, உயரம் மாற்றும் வசதி மட்டும் இல்லை. அதனால் முன்பக்கத்தைக் காயில்ஓவராக மாற்றுவது இயல்பான வேலை. பின்பக்கம் வேறு கதை, அதைத் தனியாகச் சொல்கிறேன்.

வீட்டில் கட்டுவதென்றால் எதிலிருந்து தொடங்குவது?

இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, இருக்கிற ஸ்ட்ரட்டின் ஸ்பிரிங் தட்டை அறுத்து எடுத்துவிட்டு, வெளியே மரை வெட்டிய அலுமினிய ஸ்லீவ் ஒன்றை ஸ்ட்ரட் குழாயின் மேல் இறக்கி, அதில் காலர் (மரையில் திருகி ஏற்றி இறக்கும் வளையம்), அதன் மேல் நேரான ஸ்பிரிங் வைப்பது. இது எளிது, ஆனால் ஷாக் அதே பழைய ஷாக், அதன் நீளமும் பழைய நீளம்தான். இரண்டாவது, ஸ்ட்ரட் குழாயையே குட்டையாக வெட்டி உள்ளே ஒரு இன்சர்ட் ஷாக்கை வைத்து, வெளியே ஸ்லீவ் போடுவது. வேலை அதிகம், ஆனால் ஸ்ட்ரோக் கைக்கு வருவது இதில்தான். 15 முதல் 20 மி.மீ. வரை இறக்குவதற்கு முதல் வழி போதும், அதற்கு மேல் என்றால் இரண்டாவது வழிக்குப் போங்கள் என்பதுதான் என் கருத்து.

ஸ்ட்ரோக், ஸ்ட்ரோக் என்கிறீர்களே, அதை எப்படி அளப்பது?

ஒரு கணக்கைப் பாருங்கள். ஒரு ஸ்ட்ரட்டின் மொத்த ஸ்ட்ரோக் 170 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். வண்டி நிற்கும்போது ராட் பாதி உள்ளே போயிருக்கும், மேலே அமுங்க 85 மிச்சம். அதில் ஷாக் கடைசிவரை இடிக்காமல் தடுக்கும் பம்ப் ஸ்டாப் ரப்பர் 45 மி.மீ. எடுத்துக்கொள்கிறது. ஆக ரப்பரைத் தொடுவதற்கு முன் சுதந்திரமாக அமுங்குவது 40 மி.மீ.தான். இப்போது அதே ஷாக்கை வைத்துக்கொண்டு வண்டியை 40 மி.மீ. இறக்கினால் என்ன ஆகும்? வண்டி நிற்கும்போதே ரப்பர் மேல் உட்கார்ந்திருக்கும். "இறக்கினதிலிருந்து கட்டை மாதிரி ஓடுது, ஸ்பிரிங் ரொம்ப ஹார்டு போல" என்பவர்களில் நிறையப் பேருடைய வண்டியில் பிரச்சினை ஸ்பிரிங்கே கிடையாது, ரப்பர்தான்.

உங்கள் வண்டியில் அளக்க: ஸ்பிரிங் இல்லாமல் ஸ்ட்ரட்டை மட்டும் திரும்ப மாட்டுங்கள். ஆக்சில் ஸ்டாண்டில் வண்டி இருக்க, சக்கரத்தை மாட்டி, லோயர் ஆர்முக்குக் (சக்கரத்தைக் கீழ்ப்பக்கம் வண்டியோடு இணைக்கும் கை) கீழே ஜாக்கி வைத்து மெதுவாக ஏற்றுங்கள். ஹப்பின் நடுவிலிருந்து ஃபெண்டர் விளிம்பு வரை டேப் பிடித்து, முழுக்கத் தொங்கும்போது எவ்வளவு, ரப்பர் தொடும்போது எவ்வளவு, டயர் உள் லைனிங்கில் உரசும்போது எவ்வளவு என்று மூன்றையும் எழுதிக்கொள்ளுங்கள். ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுக்க ஒடித்தும் பாருங்கள், ஏனென்றால் நேராக இருக்கும்போது உரசாத டயர் ஒடிக்கும்போது உரசும்.

ஓடும்போது எவ்வளவு அமுங்குகிறது என்று தெரிய, ஷாக் ராடில் ஒரு மெல்லிய கேபிள் டை கட்டி, ஷாக் உடம்பை ஒட்டித் தள்ளி வைத்துவிட்டு, தினமும் போகிற வழியிலேயே ஒரு முறை போய் வாருங்கள். அதிகபட்சம் அமுங்கிய இடத்துக்கு அது ஏறி அங்கேயே நிற்கும். கேபிள் டை ரப்பருக்குள் புதைந்து கிடந்தால் உயரத்தைக் கூட்டுங்கள், அல்லது ஸ்பிரிங்கை மாற்றுங்கள். இதைவிட நேர்மையான கருவி எனக்குத் தெரியாது.

எத்தனை கிலோ ஸ்பிரிங் போடலாம்?

கடையில் 4 கிலோ, 6 கிலோ என்று சொல்வது ஸ்பிரிங் ரேட். ஒரு மி.மீ. அமுக்க எத்தனை கிலோ வேண்டும் என்ற கணக்கு. 1 கிலோ என்பது 9.8 நியூட்டன்.

வேண்டிய ரேட்டை வண்டியின் எடையிலிருந்து கண்டுபிடிக்க வேண்டும், அடுத்தவர் வண்டியிலிருந்து எடுக்கக் கூடாது. 1000 கிலோ வண்டி, முன்பக்கம் 60 சதவீதம் என்றால் ஒரு முன் சக்கரத்தின் மேல் 300 கிலோ. அதில் சக்கரம், பிரேக், ஹப் எல்லாம் சேர்ந்து ஒரு 35 கிலோ ஸ்பிரிங்குக்குக் கீழே இருக்கிறது, அதைக் கழித்தால் ஸ்பிரிங் தூக்குவது 265 கிலோ. மெக்ஃபர்சன் ஸ்ட்ரட் கொஞ்சம் சாய்ந்து நிற்பதால் ஸ்பிரிங் ரேட்டில் சுமார் 90 சதவீதம்தான் சக்கரத்தில் தெரியும். இந்த எண்களை வைத்து வண்டி நொடிக்கு எத்தனை தடவை மேலும் கீழும் ஆடும் என்று போட்டால்: 3 கிலோ ஸ்பிரிங்குக்கு 1.6 ஹெர்ட்ஸ், 4 கிலோவுக்கு கிட்டத்தட்ட 1.85, 6 கிலோவுக்கு 2.25, 8 கிலோவுக்கு 2.6. கம்பெனி வண்டிகள் பொதுவாக 1 முதல் 1.5-க்குள் இருக்கும். 2-க்கு மேலே போனால் அது ரேஸ் டிராக் பக்கம் சாய்ந்த வண்டி.

சென்னைக்குள் தினமும் ஓட்டுகிற, வார இறுதியில் ஈ.சி.ஆர். போகிற வண்டிக்கு நான் 1.6 முதல் 1.9 வரைதான் சொல்வேன், அதாவது இந்த எடைக்கு 3 முதல் 4 கிலோ. மெட்ரோ வேலைக்காகத் தோண்டி மூடிய இடங்களில் 8 கிலோ ஸ்பிரிங்கோடு போனால் சக்கரம் தரையை விட்டுவிட்டுத்தான் ஓடும். தரையைத் தொடாத டயர் பிரேக்கும் பிடிக்காது, திரும்பவும் செய்யாது.

உள்ளூரில் ஸ்பிரிங் சுற்றித் தருவார்களா?

அம்பத்தூர் தொழிற்பேட்டை, கிண்டி, திருமுடிவாக்கம் பக்கமெல்லாம் ஸ்பிரிங் சுற்றும் யூனிட்டுகள் உண்டு. ஆனால் "ஒரு நல்ல ஸ்பிரிங் போட்டுக் கொடுங்கண்ணா" என்று போய் நிற்காதீர்கள். கம்பி விட்டம், உள்விட்டம், வேலை செய்யும் சுற்றுகள், நீளம், முனை தட்டையாகத் தேய்த்திருக்க வேண்டும் என்பது, இவ்வளவையும் தாளில் எழுதிக் கொண்டுபோங்கள்.

கம்பி விட்டத்தில் ரொம்பக் கவனம் வேண்டும். ரேட் கம்பி விட்டத்தின் நான்காம் படிக்கு ஏறும். ஸ்பிரிங்கின் சராசரி விட்டத்தின் மூன்றாம் படிக்கும் சுற்றுகளின் எண்ணிக்கைக்கும் இறங்கும். உள்விட்டம் 63.5 மி.மீ., அதாவது இரண்டரை அங்குலம், வேலை செய்யும் சுற்று 6 என்று எடுத்துக்கொண்டால் 10 மி.மீ. கம்பிக்கு 4.2 கிலோ வரும், 11-க்கு 5.9, 12-க்கு 8.1. ஒரு மி.மீ. கம்பி மாறினால் வண்டியின் குணமே மாறிப்போகிறது. 11 சொன்ன இடத்தில் 11.2 போட்டாலே சுமார் ஏழு சதவீதம் கூடிவிடும். வெர்னியரை நீங்களே எடுத்துப் போய் பெயின்ட் அடிப்பதற்கு முன் கம்பியை அளந்துவிடுங்கள்.

அடுத்தது, ஸ்பிரிங் முழுக்க அமுங்கிச் சுற்றோடு சுற்று ஒட்டும் நீளம். மேலே சொன்ன 10 மி.மீ. ஸ்பிரிங்கில் முனைச் சுற்றுகளையும் சேர்த்து 8 சுற்று, ஒட்டினால் 80 மி.மீ. வண்டி எடையில் அது 63 மி.மீ. அமுங்கி நிற்கும், குழியில் இன்னும் 60 வேண்டும். கூட்டினால் 203. கொஞ்சம் இடம் விட்டு 225 மி.மீ. நீளத்தில் கேளுங்கள். பார்க்க அழகாக இருக்கிறது என்று 180-ல் போட்டால் நிச்சயம் ஒட்டும். ஒட்டிய அந்த நொடியில் முழு அடியும் டாப் மவுன்ட்டுக்கும் (ஸ்ட்ரட்டின் மேல்முனையைப் பாடியில் பிடிக்கும் பாகம்) பாடிக்கும் போகும்.

கம்பி சிலிக்கான்-குரோம் ஸ்பிரிங் ஸ்டீலாக இருக்கட்டும், சுற்றிய பிறகு ஷாட் பீனிங் (சின்னக் குண்டுகளை வேகமாக அடித்து மேற்பரப்பை வலுவாக்குவது) செய்தார்களா, ஒரு முறை முழுக்க அமுக்கி செட் செய்தார்களா என்று கேளுங்கள். இந்த இரண்டும் இல்லாத ஸ்பிரிங் ஒன்று உட்கார்ந்துவிடும், இல்லை முறியும். அங்கேயே லோடு டெஸ்டரில் 25 மி.மீ., 50 மி.மீ. அமுக்கி கிலோவைக் குறித்துக்கொள்ளுங்கள். 4.2 கிலோ ஸ்பிரிங் 25-க்கு 105 கிலோ காட்ட வேண்டும், 50-க்கு 210. இடதும் வலதும் இரண்டு மூன்று சதவீதத்துக்குள் ஒத்துப்போகிற ஜோடியாகப் பொறுக்கி எடுங்கள்.

கம்பெனி ஸ்பிரிங்கையே ஒரு சுற்று வெட்டிவிட்டால் போதாதா?

போதாது. 6 சுற்றில் ஒன்றை வெட்டினால் ரேட் 20 சதவீதம் கூடுகிறது, அது பெரிய விஷயமே இல்லை. ஆனால் வெட்டிய முனை தட்டில் சரியாக உட்காராது, சக்கரம் தொங்கும்போது ஸ்பிரிங் லூசாகித் தட்டை விட்டு நகரும். திரும்ப இறங்கும்போது தட்டில் உட்காருமா என்பது அதிர்ஷ்டம். கேஸ் வெல்டிங் நெருப்பில் சூடாக்கி உட்கார வைப்பது இன்னும் மோசம், அந்த இடத்தில் டெம்பரே போய்விடும். இரண்டையும் செய்யாதீர்கள்.

ஷாக்கை மாற்றாமல் ஸ்பிரிங் மட்டும் மாற்றலாமா?

கம்பெனி ரேட்டைவிட ஒரு கால் பங்கு வரை கூட்டினால், ஷாக் புதிதாக இருந்தால், சமாளிக்கும். ரேட் இரட்டிப்பானால் தேவைப்படும் டாம்பிங், அதாவது ஆட்டத்தை அடக்கும் தடை, சுமார் 1.4 மடங்கு. கம்பெனி ஷாக்கின் ரீபவுண்ட் (ஷாக் திரும்ப நீளும்போது கொடுக்கும் தடை) அதற்குப் போதாது. வேகத்தடை தாண்டியதும் முன்பக்கம் மேலே எழுந்து, இறங்கி, இன்னொரு தடவை எழுந்தால் அதுதான் அடையாளம். ஒரு தடவை எழுந்து அடங்க வேண்டும். பட்ஜெட் குறைவு என்றால் பணத்தை முதலில் ஷாக்கில் போடுங்கள், அடுத்து ஸ்பிரிங்கில். கலர் காலர், பில்லோபால் மவுன்ட் (ரப்பருக்குப் பதில் உலோக உருண்டை மூட்டு வைத்த டாப் மவுன்ட்) எல்லாம் கடைசியில்.

ஸ்ட்ரட்டை வெட்டி இன்சர்ட் வைப்பதில் என்ன ஆபத்து?

இந்த இடத்தை அவசரப்படாமல் படியுங்கள். எண்ணெயும் கேஸும் உள்ளே இருக்கிற ஷாக்கின் மேல் ஒருபோதும் வெல்டிங் வைக்கக் கூடாது, ஒரு சின்னப் பொட்டு கூட. சூட்டில் உள் அழுத்தம் ஏறி வெடிக்கும். மோனோட்யூப் (ஒற்றைக் குழாய்) ஷாக் என்றால் அதைத் திறக்கவே முயலாதீர்கள், அதில் கேஸ் அழுத்தம் ரொம்ப அதிகம். சாதாரண ட்வின்ட்யூப் (இரட்டைக் குழாய்) ஸ்ட்ரட்டில் அழுத்தம் குறைவு. ஆனாலும் கண்ணாடி போட்டுக்கொண்டு, துணி சுற்றி, சின்ன ஓட்டை போட்டுக் கேஸை முழுக்க விட்டு, எண்ணெயை வடித்து, உள்ளே கழுவிக் காயவைத்த பிறகுதான் நெருப்பு கிட்டே வரலாம். ஏற்கெனவே ஸ்ட்ரட் ரீகண்டிஷன் செய்து பழகியவரிடம் இந்த ஒரு வேலையை மட்டும் கொடுத்துவிடுவது நல்லது.

கோனி மாதிரி கம்பெனிகளின் இன்சர்ட்டுகள் சிலவற்றுக்கு முறை இதுதான்: ஸ்ட்ரட்டின் மேல்முனையைச் சொன்ன உயரத்தில் அறுத்து, உள்ளே இருப்பதை உருவி எடுத்து, குழாயின் அடியில் நடுவில் ஓட்டை போட்டு, இன்சர்ட்டைக் கீழிருந்து போல்ட்டால் இறுக்குவது. போல்ட் ஓட்டை நடுவிலிருந்து விலகினால் இன்சர்ட் சாய்ந்து நிற்கும், அதனால் கையால் போடாமல் லேத்தில் போடுங்கள். குழாய்க்கும் இன்சர்ட்டுக்கும் நடுவே கொஞ்சம் எண்ணெய் ஊற்றி வைத்தால் சூடு வெளியே கடத்தப்படும். நம் ஊர் மே மாதத்தில் இது முக்கியம்.

பழைய ஸ்பிரிங் தட்டை ஆங்கிள் கிரைண்டரால் எடுக்கும்போது வெல்டை மட்டும் தேயுங்கள். குழாயின் சுவர் சில மில்லிமீட்டர்தான், அதில் விழும் ஒரு ஆழமான கீறல் பிறகு விரிசல் ஆகும். ஸ்லீவ் உட்கார ஒரு ஸ்டீல் வளையத்தைச் சுற்றிலும் முழுமையாக வெல்ட் செய்யுங்கள். வண்டியின் எடை முழுக்க அந்த வளையத்தின் மேல்தான் நிற்கப்போகிறது, அதைத் தெரு முனை கேட் செய்கிற இடத்தில் ஆர்க் வெல்டிங் வைத்து முடிக்கக் கூடாது.

ஸ்லீவை லேத்தில் போட்டுவிடலாமா?

தாராளமாக. 6061 அல்லது 6082 டி6 அலுமினியம். சென்னையில் லேத்துக்கும் நல்ல டர்னருக்கும் பஞ்சம் கிடையாது. அம்பத்தூரில் ஒரு டர்னர் வேலை பார்த்ததைச் சொல்கிறேன். குழாயைக் கையில் வாங்கியதும் எமரித்தாளால் பெயின்ட்டை எடுத்தார். பிறகு மேலே, நடுவே, கீழே என மூன்று இடத்தில், ஒவ்வொரு இடத்திலும் குறுக்கும் நெடுக்குமாக மைக்ரோமீட்டர் வைத்துப் பார்த்து, தட்டு இருந்த இடத்தில் பழைய வெல்டிங் சூட்டில் குழாய் லேசாக முட்டைவடிவமாகி இருப்பதைக் காட்டினார். அந்தப் பெரிய அளவுக்கு ஸ்லீவைக் குடைந்தால் மற்ற இடத்தில் ஆடும், சின்ன அளவுக்குக் குடைந்தால் இறங்கவே இறங்காது. அவர் செய்தது, உள்ளே முழு நீளமும் குடையாமல் இரண்டு முனையிலும் சின்னப் பட்டை மட்டும் குழாயை நெருக்கமாகப் பிடிக்கிற மாதிரி விட்டு, நடுவே இடைவெளி கொடுத்தது. இப்படி அளந்து பார்க்கிறவரிடம் வேலையைக் கொடுங்கள்.

மரை 2 மி.மீ. பிட்ச் வைத்தால் ஒரு முழுச் சுற்றுக்கு 2 மி.மீ. ஏறும், கணக்கு வைத்துக்கொள்ள வசதி. காலர் இரண்டு வேண்டும், ஒன்று தாங்க, ஒன்று பூட்ட.

மேலே என்ன வைப்பது? பில்லோபால் டாப் மவுன்ட் அவசியமா?

தெருவுக்கு அவசியம் இல்லை. கம்பெனி ரப்பர் மவுன்ட்டும் அதன் பேரிங்கும் நன்றாக இருந்தால் அதையே வைத்து, புது ஸ்பிரிங்குக்குப் பொருத்தமான மேல்தட்டு மட்டும் கடைந்துகொள்ளுங்கள். பில்லோபால் மழைத்தண்ணீரும் தூசியும் குடித்து சீக்கிரமே கடகடக்கும்.

மேல்தட்டு பேரிங்கின் மேல் சுதந்திரமாகச் சுழல வேண்டும். சுழலாவிட்டால் ஸ்டியரிங் திருப்பும்போது ஸ்பிரிங் முறுக்கிக்கொண்டு, பார்க்கிங்கில் ஒடிக்கும்போது "டங்" என்று விடும். இன்னொரு விஷயமும் இருக்கிறது. கம்பெனி ஸ்பிரிங்கை உற்றுப் பார்த்தால் அது ஷாக்கின் அச்சோடு ஒத்து நிற்காமல் கொஞ்சம் சாய்ந்தோ வளைந்தோ இருக்கும். மெக்ஃபர்சன் ஸ்ட்ரட் எடையை மட்டும் தாங்குவதில்லை, சக்கரம் பக்கவாட்டில் தள்ளுவதையும் அந்த ராடே தாங்குகிறது. அந்தத் தள்ளலைச் சமன் செய்யத்தான் ஸ்பிரிங்கைச் சாய்த்து வைக்கிறார்கள். நேரான ஸ்பிரிங் போட்டதும் அந்த உதவி போய்விடும், ராடும் புஷ்ஷும் சீக்கிரம் தேயும். இந்த விலையைத் தெரிந்துகொண்டே கொடுக்க வேண்டும்.

பைக் மோனோஷாக்கையோ பின்பக்க ஷாக்கையோ ஸ்ட்ரட்டாகப் போடலாமா?

கூடாது. மேலே சொன்ன அதே பக்கவாட்டுத் தள்ளல்தான் காரணம். ஸ்ட்ரட்டின் ராடு 20 மி.மீ. விட்டத்தை ஒட்டி இருக்கும். மற்றவை அதைவிட ரொம்ப மெல்லிசு, வளைந்துவிடும்.

பின்பக்கம் எப்படி?

டார்ஷன் பீம் (இரண்டு பின் சக்கரத்தையும் ஒரே குறுக்குத்தண்டு இணைக்கும் அமைப்பு) வண்டியில் ஸ்பிரிங் தனி இடத்தில், ஷாக் தனி இடத்தில். ஸ்பிரிங் உட்காரும் இடத்தில் மரை வைத்த அட்ஜஸ்டர் ஒன்றைப் போட்டு உயரத்தை மாற்றலாம், ஷாக்கை அந்த நீளத்துக்குப் பொருத்தமாக எடுங்கள். ஸ்பிரிங்கைத் தூக்கி ஷாக்கின் மேலேயே போட்டு "நிஜக் காயில்ஓவர்" ஆக்கிவிடலாமே என்று கேட்பார்கள். ஷாக்கின் மேல் மவுன்ட் டாம்பிங் விசைக்கு மட்டும் செய்யப்பட்டது, வண்டியின் எடையைத் தாங்க அந்தத் தகடு செய்யப்படவில்லை. கிழிந்து வரும்.

பின் ஸ்பிரிங் ரேட்டைத் தேர்ந்தெடுக்கும்போது குடும்பத்தை நினைத்துக்கொள்ளுங்கள். பின் சீட்டில் மூன்று பேரும் டிக்கியில் பையும் ஏறினால் ஒவ்வொரு பின் சக்கரத்துக்கும் சுமார் 80 கிலோ கூடும். சக்கரத்தில் 2 கிலோ ரேட் என்றால் அது 40 மி.மீ. இறக்கம். காலியாக இருக்கும்போது அழகாக நிற்கிற வண்டி திருப்பதிக்குப் புறப்படும்போது ரப்பரில் உட்கார்ந்துவிடும். முன்பக்கத்தைவிடப் பின்பக்கம் கொஞ்சம் வேகமாக ஆடுகிற மாதிரி ரேட் வைத்தால் மேடு தாண்டியதும் வண்டி சீக்கிரம் சமநிலைக்கு வரும். 1930-களில் ஜெனரல் மோட்டார்ஸில் மாரிஸ் ஆலி கண்டு சொன்னது, இன்னும் செல்லும்.

பிரீலோடு கூட்டினால், அதாவது காலரை ஏற்றி ஸ்பிரிங்கை முன்கூட்டியே அமுக்கினால், ஸ்பிரிங் ஹார்டு ஆகுமா?

ஆகாது. ஒரே சீரான பிட்ச்சில் சுற்றிய ஸ்பிரிங்கின் ரேட் காலரைத் திருப்புவதால் மாறாது. வண்டி உயரும், அவ்வளவே. காலரை ரொம்பக் கீழே இறக்கினால் சக்கரம் தொங்கும்போது ஸ்பிரிங் லூசாகும். அப்போது மேலே ஒரு மெல்லிய ஹெல்பர் ஸ்பிரிங் வைத்து எப்போதும் லேசாக இறுக்கத்திலேயே இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

சரி, கடைசியில் எவ்வளவுதான் இறக்கலாம்?

தினசரி வண்டிக்கு 25 முதல் 30 மி.மீ. இந்திய ரோடு காங்கிரஸ் சொல்லும் வட்ட வேகத்தடை 10 செ.மீ. உயரம், 3.7 மீட்டர் அகலம், 25 கி.மீ. வேகத்தில் தாண்டுவதற்கு. ஸ்விஃப்ட் அளவு வீல்பேஸ், 2450 மி.மீ., உள்ள வண்டி அதன் மேல் ஏறி நிற்கும்போது நடுவில் உப்பி வருவது வெறும் 44 மி.மீ.தான். இறக்கிய வண்டி கூட நிம்மதியாகப் போகும். ஆனால் நம் தெருக்களில் அந்தந்த வீட்டு வாசலில் போட்டிருப்பது இரண்டடி அகலத்தில் ஒரு சிமென்ட் மேடு. அதன் முழு உயரமும் வண்டியின் வயிற்றுக்கு வரும். 165 மி.மீ. கிரவுண்டு கிளியரன்ஸில் 30 போனால் 135, நான்கு பேர் ஏறினால் இன்னும் குறையும்.

இன்னொரு காரணமும் உண்டு. ரொம்ப இறக்கினால் லோயர் ஆர்ம் சக்கரப் பக்கம் மேல்நோக்கிச் சாயும். மெக்ஃபர்சன் அமைப்பில் அப்போது ரோல் சென்டர், அதாவது வளைவில் வண்டி எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அது, வண்டியின் எடை மையத்தைவிட வேகமாகக் கீழே போய்விடுகிறது. இறக்கிய வண்டி வளைவில் குறைவாகச் சாய வேண்டும் என்று எதிர்பார்ப்போம், அது கூடுதலாகச் சாய முயலும். ஆர்ம் கிட்டத்தட்டத் தரைக்கு இணையாக இருக்கும் வரை இறக்குங்கள், அதோடு நிறுத்துங்கள்.

சாமான் எங்கே வாங்குவது?

ஜி.பி. ரோட்டில் கடை கடையாக ஏறி இறங்கினால் ஷாக், மவுன்ட், பேரிங், லிங்க் ராட் எல்லாம் கிடைக்கும். புதுப்பேட்டையில் பழைய ஸ்ட்ரட் ஒரு ஜோடி வாங்கி அதை வெட்டிப் பழகுங்கள், உங்கள் வண்டியின் அசல் ஸ்ட்ரட்டைத் தொடாமல் பத்திரமாக எடுத்து வையுங்கள். வாங்கும்போது ராடில் துரு இருக்கிறதா, குழாய் நெளிந்திருக்கிறதா, நக்கிள் போல்ட் (ஸ்ட்ரட்டின் அடியைச் சக்கர ஹப் பக்கம் பிடிக்கும் போல்ட்) ஓட்டை நீண்டுபோயிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். பழைய ஸ்பிரிங், பழைய டாப் மவுன்ட் வாங்க வேண்டாம்.

மாட்டும்போது எதில் கவனம்?

ஸ்பிரிங் கம்ப்ரசர் போடாமல் டாப் நட்டைக் கழற்றவே கூடாது, அமுங்கிய ஸ்பிரிங் ஆளையே சாய்த்துவிடும். வண்டி ஆக்சில் ஸ்டாண்டில் நிற்கட்டும், வெறும் ஜாக்கியை நம்பிக் கீழே போகாதீர்கள். பிரேக் ஹோஸ், ஏ.பி.எஸ். வயர், ஸ்டெபிலைசர் லிங்க் இவற்றின் பிராக்கெட்டுகள் பழைய ஸ்ட்ரட்டில் வெல்ட் ஆகியிருக்கும், புதியதில் அதே உயரத்துக்கு வருகிறதா என்று பாருங்கள். முழுக்க ஒடித்து, முழுக்கத் தொங்கவிட்டு, ஹோஸ் இழுபடவில்லை என்று கண்ணால் பார்த்த பிறகே சக்கரத்தை மாட்டுங்கள். லோயர் ஆர்ம் புஷ் போல்ட்டைக் கடைசியாக, வண்டி தன் சக்கரத்தில் நிற்கும்போது இறுக்குங்கள். தொங்கும்போதே இறுக்கினால் ரப்பர் முறுக்கிக்கொண்டே கிடந்து கிழியும்.

அலைன்மென்ட் மட்டும் போதுமா?

உயரம் மாறினால் டோ (மேலிருந்து பார்க்கும்போது சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் கோணம்) மாறும், கேம்பர் (முன்னாலிருந்து பார்க்கும்போது சக்கரம் சாய்ந்திருக்கும் கோணம்) மாறும். அலைன்மென்ட் கட்டாயம், ஸ்பிரிங் செட் ஆன பிறகு சில நூறு கிலோமீட்டர் ஓட்டிவிட்டு இன்னொரு முறையும். ஹெட்லைட் லெவலையும் சரி செய்யுங்கள். அதற்கு மேல், நான்கு சக்கரத்துக்கும் தனித்தனி எடை பார்க்க வழி கிடைத்தால் விடாதீர்கள். காயில்ஓவரின் உண்மையான பலன் அங்கேதான். டிரைவர் சீட்டில் உங்கள் எடையை வைத்து, எதிரெதிர் மூலைகளின் எடையைக் கூட்டுங்கள்: முன் வலது கூட்டல் பின் இடது, மொத்தத்தில் பாதி வர வேண்டும். ஒரு காலரை ஏற்றினால் அந்த மூலைக்கும் அதன் எதிர் மூலைக்கும் எடை கூடும். இதைச் சரியாக வைத்த வண்டி திடீர் பிரேக்கில் நேராக நிற்கும், இடது வளைவிலும் வலது வளைவிலும் ஒரே மாதிரி நடந்துகொள்ளும். ஓட்டிப் பார்த்தால்தான் அந்தச் சுகம் புரியும்.

இருங்காட்டுக்கோட்டை டிராக்கில் ஓட்டவும் இதே செட்டப் போதுமா?

1990-ல் திறந்த, 3.7 கி.மீ. நீளமுள்ள அந்தச் சர்க்யூட்டின் தரை நகர ரோடு மாதிரி கிடையாது, 6 கிலோ ஸ்பிரிங் அங்கே இன்பமாக இருக்கும். இரண்டுக்கும் ஒரே ஸ்பிரிங் தேடாமல், இன்னொரு ஜோடி ஸ்பிரிங் வைத்துக்கொண்டு டிராக் நாளைக்கு முன் மாற்றிக்கொள்ளுங்கள். நேரான, பொது அளவு ஸ்பிரிங் போட்டதன் வசதியே அதுதான். ஆனால் ரீபவுண்ட் அட்ஜஸ்ட் செய்யக்கூடிய ஷாக் இருந்தால்தான் இது சரிப்படும்.

போலீஸ், ஆர்.டி.ஓ., இன்சூரன்ஸ்?

மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52: ஆர்.சி.யில் உள்ள விவரம் உற்பத்தியாளர் குறிப்பிட்டதிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. 2019 திருத்தத்தில் வந்த 182ஏ(4) பிரிவின்படி அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுத்தில் தெரிவித்துவிடுங்கள், சொல்லாமல் மாற்றிய வண்டிக்கு கிளெய்ம் மறுக்க அவர்களுக்கு அது போதும். சஸ்பென்ஷனுக்கான வாரண்டியையும் மறந்துவிட வேண்டியதுதான். டிராக்குக்கு மட்டும் வைத்திருக்கிற வண்டி என்றால் இந்தத் தலைவலி குறைவு.

உப்புக்காற்றில் மரை பிடித்துக்கொள்கிறதே?

பெசன்ட் நகர், திருவான்மியூர், பட்டினப்பாக்கம் பக்கம் வண்டி நிறுத்துகிறவர்கள் எல்லாருக்கும் வரும். அலுமினிய ஸ்லீவும் காலரும் உப்புத் தண்ணீரும் சேர்ந்தால் வெள்ளைப் பொடியாகப் பூத்து, மரை இறுகி, ஸ்பேனர் வைத்துத் திருப்பும்போது காலரின் பல்லே உடையும். மாட்டும்போதே மரை முழுக்க ஆன்டி-சீஸ் (மரை இறுகாமல் காக்கும் பசை) தடவுங்கள். தேவையில்லாத மரைப் பகுதியை டேப் சுற்றியோ துணி உறை போட்டோ மூடுங்கள். மழைக்காலம் தொடங்கும் முன் அக்டோபரிலும், முடிந்த பிறகு ஜனவரியிலும் ஒரு முறை கழுவி, பிரஷ்ஷால் தேய்த்து, காலரை இரண்டு சுற்று மேலும் கீழும் நகர்த்தித் திரும்ப அதே இடத்தில் வையுங்கள். எந்த உயரத்தில் இருந்தது என்று முன்னாடியே அளந்து எழுதி வைத்திருங்கள். கணேசபுரம், துரைசாமி மாதிரி சப்வேக்களில் தண்ணீர் நின்றால் இறக்கிய வண்டியோடு முயற்சியே வேண்டாம், சுற்றிப் போங்கள்.

மாட்டியாகிவிட்டது, "டக் டக்" என்று சத்தம் வருகிறது. என்ன செய்வது?

சத்தம் எப்போது வருகிறது என்று முதலில் பிரியுங்கள். நின்றபடி ஸ்டியரிங் திருப்பும்போது வந்தால் மேல்தட்டு அல்லது பேரிங். சின்னக் குழிகளில் மட்டும் வந்தால் ஸ்டெபிலைசர் லிங்க், அல்லது ராடின் டாப் நட் லூஸ். ஒரு சக்கரம் பள்ளத்தில் தொங்கி ஏறும்போது வந்தால் ஸ்பிரிங் லூசாகி உட்காருகிறது, ஹெல்பர் வேண்டும். குழிகளில் உள்ளேயிருந்து ஆழமாக, உலோகம் இடிக்கிற மாதிரி வந்தால் இன்சர்ட் குழாய்க்குள் ஆடுகிறது, அடி போல்ட் இறுக்கம் விட்டிருக்கிறது. அன்றைக்கே கழற்றிப் பாருங்கள், அதோடு ஓட்ட வேண்டாம். புதிதாக மாட்டிய வண்டியில் முதல் வாரத்துக்குள் பூட்டுக் காலர், நக்கிள் போல்ட், டாப் நட் மூன்றையும் டார்க் ரெஞ்ச் வைத்து இன்னொரு தடவை பார்த்துவிடுங்கள். பூட்டுக் காலருக்கும் தாங்கும் காலருக்கும் குறுக்கே மார்க்கரால் ஒரு கோடு போட்டு வைத்தால், அடுத்த முறை சக்கரம் கழற்றும்போது கோடு விலகியிருக்கிறதா என்று பார்த்தாலே போதும்.